எருசலேம் – பெத்லகேம் ஒரு நாள் தனிச் சுற்றுலா: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

எருசலேமுக்குச் சொந்தமாகப் போகிறவர்களும், குரூப்போடு போய் நடுவில் ஒரு நாள் ஓய்வு கிடைத்தவர்களும் ஆன்லைனில் பதிவு செய்யும் தனிச் சுற்றுலாவைப் பற்றிய எச்சரிக்கை இது. நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம், அதில் இருவர் அறுபதைத் தாண்டியவர்கள், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிப் போய்வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்தே சொல்கிறோம். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே நாளை இதே வரிசையில் விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

விளம்பரத்தில் இருந்தது இது: காலை 8 மணிக்கு ஹோட்டல் வாசலில் கார். உரிமம் பெற்ற வழிகாட்டி நாள் முழுக்க உடன் வருவார். பேதுரு மறுதலித்தபோது சேவல் கூவின இடத்து ஆலயம், ஒலிவமலை, கெத்செமனே, சிலுவைப்பாதை, திருக்கல்லறை, கடைசி இராப்போஜனம் நடந்த மேல்வீட்டறை, பிறகு பெத்லகேமில் பிறப்பிடக் குகை, மேய்ப்பர் வயல். வரிசையில் நிற்க வேண்டாம், நுழைவுச்சீட்டு அடக்கம், மாலை 5 மணிக்குத் திரும்பிவிடலாம்.

நடந்தது இது: கார் 9 மணிக்கு வந்தது. வந்தவர் டிரைவர்; வழிகாட்டியும் தானே என்றார். முதலில் சீயோன் மலை, மேல்வீட்டறை. பக்கத்தில் சேவல் கூவின இடத்து ஆலயம் பூட்டிக் கிடந்தது. பதினொன்றேகாலுக்கு ஒலிவமலை உச்சி, போட்டோ. பரமண்டல ஜெபத்தின் ஆலயமும் பூட்டு. இறங்கி வரும் வழியில், கர்த்தர் நகரத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்ட இடத்து ஆலயத்தின் கேட் அப்போதுதான் சாத்தப்பட்டது. கெத்செமனேக்குப் போகும்போது 12 தாண்டி, அதுவும் மூடியாயிற்று. "எல்லாமே 2 மணிக்குத்தான் திறக்கும், அதற்குள் பெத்லகேம் போய்விடுவோம்" என்று கிளப்பினார். பெத்லகேம் எல்லையிலுள்ள செக்பாயிண்ட்டில் இறக்கிவிட்டு வேறொரு காரில் ஏற்றினார்கள். அது நேராகப் போய் நின்றது ஒரு நினைவுப்பொருள் கடையில். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு அதே வளாகத்தில் சாப்பாடு. பிறப்பிடப் பேராலயத்துக்குப் போனபோது குகைக்கு நீண்ட வரிசை. "நேரமில்லை, மேலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார் புது வழிகாட்டி. மேய்ப்பர் வயலைத் தூரத்திலிருந்து கைகாட்டினார். திரும்பும்போது செக்பாயிண்ட்டில் நெரிசல். மாலையில் எருசலேம் பழைய நகரத்தின் யோப்பா வாசலில் இறக்கிவிட்டு, "நேரே போனால் திருக்கல்லறை, அரை மணியில் வந்துவிடுங்கள்" என்றார்கள்.

கர்த்தர் பிறந்த இடத்திலும் அடக்கம் பண்ணப்பட்ட இடத்திலும் முழங்கால் படியிடாமல் அந்த நால்வரும் ஊர் திரும்பினார்கள். வயதான இருவருக்கும் இன்னொரு முறை போக வாய்க்குமா என்பது சந்தேகம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு எதுவும் தற்செயலாகக் கெடவில்லை. எருசலேமில் பல ஆலயங்கள் மதியம் சுமார் இரண்டு மணி நேரம் மூடும். கெத்செமனே ஆலயம் 12 முதல் 2 வரை. கண்ணீர் ஆலயமும் பரமண்டல ஜெப ஆலயமும் 12 மணியை ஒட்டி மூடினால் இரண்டரைக்குத்தான் திறக்கும். மதியம் மூடாதவையும் இருக்கின்றன: திருக்கல்லறைப் பேராலயம் விடியற்காலையிலிருந்து இரவு வரை திறந்தே இருக்கும், மேல்வீட்டறையும் பெத்லகேம் பேராலயமும் மதியத்திலும் திறந்திருக்கும். நல்ல வழிகாட்டி மூடுகிற இடங்களைக் காலையிலும் மூடாத இடங்களை மதியத்திலும் வைப்பார். இவர்கள் தலைகீழாக வைத்தார்கள். மூடாத மேல்வீட்டறையைக் காலையில் வைத்தால், ஒலிவமலைக்குப் போகும்போது எல்லாம் பூட்டியிருக்கும். போக இடமில்லை என்று சொல்லிக் கழிக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் கடைக்கான நேரம். கடையில் நீங்கள் கட்டும் பணத்தில் வழிகாட்டிக்குப் பங்கு உண்டு. சில மலிவுச் சுற்றுலாக்களின் லாபமே அதில்தான் இருக்கிறது. நாள் முழுக்க வண்டி, பெட்ரோல், இரண்டு வழிகாட்டிகள், சாப்பாடு எல்லாம் சேர்த்து அந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஒரு நிமிடம் யோசித்தாலே விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை என்பது அடுத்த கோளாறு. பரமண்டல ஜெப ஆலயமும் சேவல் கூவின இடத்து ஆலயமும் ஞாயிறு முழுக்க விடுமுறை. கர்த்தரின் கல்லறை இதுதான் என்று புராட்டஸ்டண்டுகள் பலர் கருதும் தோட்டக் கல்லறையில் ஞாயிறன்று ஆராதனை மட்டும், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. பெத்லகேமில் ஞாயிறு காலை ஆர்த்தடாக்ஸ் வழிபாடு நடப்பதால் குகையை மூடிவைப்பார்கள். அது முடிந்து திறக்கும்போது காலையிலிருந்து காத்திருந்த கூட்டம் மொத்தமும் வரிசையில் நிற்கும். இத்தனையும் தெரிந்த எந்த நிறுவனமும் ஞாயிறு பதிவை ஏற்கும்போது இதைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பணம் வாங்கியது ஏமாற்றுதான். பரமண்டல ஜெப ஆலயத்தின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஓடுகளில் ஜெபம் பதித்திருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. நம்மவர்கள் தேடிப்போய் நிற்கிற இடம் அது. தனிச் சுற்றுலாவைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போவதானால் பிற்பகல் 3 மணிக்கு (கோடையில் 4 மணிக்கு) பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் சிலுவைப்பாதையில் நடக்கலாம். யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை.

செக்பாயிண்ட்டில் கார் மாற்றியதற்கும் காரணம் உண்டு. பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகத்தின் 'ஏ' மண்டலத்தில் இருக்கிறது. இஸ்ரேல் குடிமக்கள் அங்கே நுழையக் கூடாது என்று இஸ்ரேலே தடை போட்டிருக்கிறது. சாலையோரம் சிவப்புப் பலகையில் எழுதியிருக்கும். அதனால் இஸ்ரேலிய வழிகாட்டி பெரும்பாலும் எல்லையில் உங்களை வேறொருவரிடம் ஒப்படைப்பார். ஒப்படைப்பதில் தவறில்லை. யாரிடம் என்பதை மறைப்பதில்தான் தவறு இருக்கிறது. அந்த இரண்டாம் ஆள் பாலஸ்தீன சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் உள்ளவரா, கடையின் ஆளா என்பது அங்கே போய்ச் சேரும்வரை தெரியாது. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: கிழக்கு எருசலேமில் வசிக்கும் அரபு வழிகாட்டிகளில் இஸ்ரேல் உரிமம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் போய்வர முடியும். அப்படி ஒருவர் கிடைத்தால் நாள் முழுக்க ஒரே ஆள், ஒரே வண்டி. பதிவு செய்யும்போதே கேளுங்கள். பாஸ்போர்ட்டும், விமான நிலையத்தில் கொடுத்த நுழைவு அட்டையும் கையில் இருக்கட்டும், திரும்பும்போது கேட்பார்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் பெத்லகேம் போனால் திரும்ப முடியாது என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். அது வெளிநாட்டுப் பயணமாகக் கணக்கில் வராது.

உரிமம். இஸ்ரேலில் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் காசுக்கு வழிகாட்டுவது சட்டவிரோதம். உரிமம் உள்ளவரிடம் போட்டோ, பெயர், எண், செல்லுபடியாகும் காலம் உள்ள அட்டை இருக்கும். வேலை நேரத்தில் அது அவரிடம் இருந்தாக வேண்டும். பணம் கட்டுமுன் அட்டையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வருகிற அன்று முகத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார், பெருமையாகவே எடுத்துக் காட்டுவார். பழைய நகரத்துக்குள் கார் போகாது. வாசலில் இறக்கிவிட்டு "நீங்கள் போய்வாருங்கள், நான் வண்டியில் இருக்கிறேன்" என்கிறவர் டிரைவர்தான், அவர் என்ன சொல்லிக்கொண்டாலும். சிலுவைப்பாதையின் முதல் ஒன்பது நிலைகள் பெரும்பாலும் சந்தைத் தெருக்களுக்குள் கடைகளுக்கு நடுவே இருக்கின்றன, கடைசி ஐந்தும் திருக்கல்லறைப் பேராலயத்துக்குள். கூட நடந்து காட்டும் ஆள் இல்லையென்றால் பாதி நிலைகளைக் கவனிக்காமலே கடந்துவிடுவீர்கள்.

"நுழைவுச்சீட்டு அடக்கம்" என்ற வரிக்கும் மதிப்பில்லை. திருக்கல்லறை, பிறப்பிடப் பேராலயம், கெத்செமனே, மேல்வீட்டறை, தோட்டக் கல்லறை எதற்கும் நுழைவுக் கட்டணமே கிடையாது. பரமண்டல ஜெப ஆலயம், சேவல் கூவின இடத்து ஆலயம், பெதஸ்தா குளம் ஆகியவற்றுக்குத்தான் சில ஷேக்கல் (இஸ்ரேல் நாணயம்) கட்ட வேண்டும். "வரிசையில் நிற்க வேண்டாம்" என்பது அதைவிட மோசம். டிக்கெட்டே இல்லாத இடத்தில் முன்னுரிமை டிக்கெட் எங்கிருந்து வரும்? பெத்லகேமில் குகைக்கு இறங்க ஒரு படிக்கட்டு, ஏற ஒரு படிக்கட்டு. சிலர் காசு வாங்கிக்கொண்டு ஏறும் படிக்கட்டு வழியாக உள்ளே நுழைப்பார்கள். சில நேரம் துறவிகள் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள், கொடுத்த காசு போனதுதான். மேலும், மணிக்கணக்கில் நிற்கிற ஏழை யாத்திரிகர்களைத் தள்ளிவிட்டு, குகையில் கர்த்தர் பிறந்த இடத்தைக் குறிக்கும் வெள்ளி நட்சத்திரத்தைத் தொடுவது சரியில்லை. பேராலயத்துக்கு முன்னுள்ள சதுக்கத்தில் "இன்னும் கால் மணியில் மூடிவிடுவார்கள், உடனே வாருங்கள்" என்று அவசரப்படுத்துகிற ஆட்களையும் நம்பாதீர்கள். குகை எப்போது மூடும் என்பதை உள்ளே காவலில் நிற்பவர்களிடமே கேட்கலாம்.

கடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெத்லகேமின் ஒலிவமரச் செதுக்கு வேலை உண்மையான, பழைய கைத்தொழில். அங்குள்ள பல கிறிஸ்தவக் குடும்பங்களின் பிழைப்பு அதில்தான். 2023 அக்டோபருக்குப் பிறகு யாத்திரிகர் வரத்து சரிந்து அவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. வாங்குங்கள், ஆனால் உங்கள் விருப்பப்படி, முடிந்தால் சின்னப் பட்டறைகளில் வாங்குங்கள். பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். ஒலிவமரம் மஞ்சள் கலந்த பழுப்பு. அதில் கரும்பழுப்பு ரேகைகள் ஒழுங்கில்லாமல் ஓடும். பக்கவாட்டில் ஓடும் ரேகை அடியிலும் தொடர்ந்தால் மரம். மேலே மட்டும் படிந்து ஓரத்தில் சட்டென்று நின்றால் அச்சில் வார்த்து வண்ணம் பூசியது. ஒரே மாதிரி இரண்டு சிலைகளைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ரேகை ஒரே இடத்தில் இருந்தால் அதுவும் வார்ப்புதான். கார்டு தேய்க்கும்போது மெஷின் டாலரிலா ஷேக்கலிலா எடுக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். விலைச்சீட்டில் ஒரு நாணயமும் மெஷினில் இன்னொன்றும் வந்தால் மாற்று விகிதத்தில் இழப்பு உங்களுக்குத்தான்.

சரியான வரிசை எப்படி இருக்கும்? திருக்கல்லறையைச் சுற்றுலாவிலிருந்து எடுத்துவிடுங்கள். பழைய நகரத்துக்குள்ளோ பக்கத்திலோ தங்கி, விடியற்காலை 5, 6 மணிக்கு நீங்களே நடந்து போங்கள். அந்த நேரத்தில் கல்லறைச் சிற்றாலயத்துக்கு வரிசை குறைவு, பகலில் மணிக்கணக்காகும். வழிபாடு நடந்தால் சற்றுக் காத்திருக்க வேண்டிவரும். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் கல்வாரிக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை, மூட்டுவலிக்காரர்களுக்குத் துணை வேண்டும். பிறகு எட்டு மணிக்கு வழிகாட்டியோடு ஒலிவமலை உச்சி, அங்கிருந்து கீழ்நோக்கி: பரமண்டல ஜெப ஆலயம், கண்ணீர் ஆலயம், கெத்செமனே. இறக்கம் கடுமையாக இருக்கும். நடக்க முடியாதவர்களை வண்டியில் ஏற்றிக் கீழே கெத்செமனே வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பதினொன்றரைக்குள் இவை முடிந்துவிடும். மதியம் மூடும் நேரத்தில் பெத்லகேம். தூரம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான், செக்பாயிண்ட்தான் நேரத்தை விழுங்கும். முதலில் குகை வரிசை, அதன்பிறகே சாப்பாடு. கடை, விருப்பமிருந்தால், கடைசியில். இதே நாளில் யோர்தான் ஞானஸ்நானமும் சவக்கடலும் சேர்த்துத் தருகிறோம் என்கிற விளம்பரத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம். எல்லா இடத்திலும் இறங்கி ஏறத்தான் நேரம் இருக்கும்.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை: மணிவாரியான வரிசை, ஒவ்வொரு இடத்திலும் உள்ளே போவோமா, வெளியில் நின்று பார்ப்போமா என்பது, குகை வரிசையில் ஒன்றரை மணி நேரம் வரை காத்திருக்க ஒப்புதல், கடை கிடையாது, அல்லது அதிகபட்சம் இருபது நிமிடம் என்ற உறுதி, பெத்லகேமில் வருகிற ஆளின் பெயரும் உரிமமும், டிப்ஸ் யார் யாருக்கு, எவ்வளவு. பாதிக்கு மேல் முன்பணம் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கத்தோலிக்கர்கள், உடன் ஒரு குருவானவர் வந்து திருப்பலி வைக்க விரும்பினால், யோப்பா வாசலுக்கு அருகில் உள்ள பிரான்சிஸ்கன் யாத்திரிகர் அலுவலகத்தின் வழியாக முன்பதிவு செய்ய வேண்டும். சுற்றுலா நிறுவனம் இதற்குத் தனிக் கட்டணம் போட்டால் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: விளம்பரப் பக்கத்தை மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். மூடிய கேட், கடை, வரிசை என அன்று எடுத்த போட்டோக்களில் நேரம் பதிவாகியிருக்கும், எதையும் அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு ஈமெயில் போட்டு, எந்தெந்த இடங்கள் தரப்படவில்லை என்று குறிப்பிட்டுப் பணம் திரும்பக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால், கார்டில் கட்டியிருந்தால், சொன்ன சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் தகராறு (டிஸ்ப்யூட்) பதிந்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, ஊர் திரும்பிய வாரத்திலேயே செய்துவிடுங்கள். வழிகாட்டிக்கு உரிமம் இருந்தால் எண்ணைக் குறிப்பிட்டு இஸ்ரேல் சுற்றுலா அமைச்சகத்துக்குப் புகார் அனுப்பலாம். பெத்லகேம் கடையில் வாங்கிய பொருள் தனிக் கணக்கு: பெரும்பாலும் மாற்றித்தான் தருவார்கள், பணமாகத் திருப்ப மாட்டார்கள். அதனால் ரசீதில் பொருளின் பெயரோடு 'ஒலிவமரம்' என்றும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.