9 சதவீதம் என்று பேசி, 14-ல் கையெழுத்து வாங்கிய வீட்டுக் கடன்

கணவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் டெய்லர், மனைவி அதே கம்பெனியில் செக்கிங். இருவருக்கும் சேர்த்து மாதம் 32,000 ரூபாய். 15 லட்சத்துக்கு ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பேசி முடித்து, 12 லட்சம் கடன் கேட்டார்கள். "ஒம்பது பர்சென்ட்டுதானுங்க, மாசம் பதினோராயிரத்துக்குள்ள வந்துரும்" என்றார் ஏஜென்ட். இன்று அவர்கள் கணக்கிலிருந்து மாதாமாதம் 15,668 ரூபாய் போகிறது. கடன் கொடுத்தது ஒரு வீட்டுக்கடன் நிறுவனம். பெயர் முக்கியமில்லை, இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள்.

தவறு நடந்த இடம் சார்பதிவாளர் அலுவலகம். பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று, வீட்டை விற்பவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், பத்திர எழுத்தர் "சீக்கிரம், சீக்கிரம்" என்கிறார். அப்போதுதான் நிறுவனத்தின் ஆள் ஒரு கையில் செக்கும் மறு கையில் தடித்த காகிதக் கட்டுமாக வந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. எல்லாமே ஆங்கிலம். அந்தக் கட்டுக்குள் ஒரு இன்சூரன்ஸ் விண்ணப்பமும் இருந்தது.

அது ஆயுள் காப்பீடு. 60,000 ரூபாய் ஒற்றைப் பிரீமியம், அதாவது மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டுவது. அதைக் கையில் கேட்கவில்லை, கடனோடு சேர்த்துவிட்டார்கள். 12 லட்சம் 12,60,000 ஆனது. 14 சதவீத வட்டிக்கு 20 வருடத் தவணையில் அந்த 60,000-க்கு மட்டும் மாதம் சுமார் 746 ரூபாய். கடைசித் தவணை வரை கட்டினால் 1,79,000 ரூபாய். கடன் வாங்க ஆயுள் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் சாதாரண டேர்ம் பாலிசியை (இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு) தனியாக, வருடா வருடம் கட்டும்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்கில் இருந்த தொகை இன்னொரு அடி. புரோசசிங் கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 29,736. வக்கீல் பார்வைக்கும் மதிப்பீட்டாளருக்கும் 7,500. இவ்வளவையும் கழித்துக்கொண்டு கொடுத்தது 11,62,764. விற்பவருக்குச் சேரவேண்டியது 12 லட்சம். 37,236 ரூபாய் குறைகிறது, அதுவும் பதிவு முடியவேண்டிய அந்த மணிநேரத்தில். மனைவி கழுத்திலிருந்த செயின் அடகுக்கடைக்குப் போனது. கட்டணம் எவ்வளவு என்பதைவிட, அதைக் கடனிலிருந்து பிடிப்பார்களா, தனியாக வாங்குவார்களா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குவதுதான் முக்கியம்.

இதையெல்லாம் முன்கூட்டியே காட்டும் ஒரு காகிதம் இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவர அறிக்கையைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும், தமிழில் கேளுங்கள். கொடுத்தபின் குறைந்தது மூன்று வேலை நாட்கள் அந்த நிபந்தனைகள் மாறக்கூடாது. எனவே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம், அவசரப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. அதில் ஏபிஆர் என்ற எண்ணைப் பாருங்கள். வட்டியோடு கட்டணங்களும் இன்சூரன்ஸும் சேர்ந்த உண்மையான வருடச் செலவு அது. அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. இந்தத் தம்பதியிடம் கேஎஃப்எஸ்ஸும் அதே கட்டுக்குள், அதே பென்சில் குறியோடுதான் வந்தது.

9 எப்படி 14 ஆனது? 9 சதவீதம் என்பது அப்போதைய வங்கி விகிதம். 12 லட்சத்துக்கு 20 வருடத்தில் மாதம் 10,797 வரும். 14 சதவீதத்தில் 14,922. வித்தியாசம் மாதம் 4,125, மொத்தத்தில் 9,90,000 ரூபாய். ஏஜென்ட் வங்கியின் வட்டியைச் சொல்லி, விண்ணப்பத்தைக் கமிஷன் அதிகம் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார். வங்கிகளின் மிதவை வட்டி, அதாவது அவ்வப்போது ஏறி இறங்கும் வட்டி, 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தை வைத்துக்கொள்கின்றன. அதனால் ரெப்போ குறைந்தாலும் அங்கே தவணை அசையாமல் நிற்கலாம்.

வங்கிக்குப் போக முடியாததன் காரணம் பெரும்பாலும் வாரக்கூலி ரொக்கமாக வருவதுதான். ஒரு வருடம் முழுக்க ஒவ்வொரு வாரச் சம்பளத்தையும் வங்கிக் கணக்கில் போட்டு எடுத்தால் அதுவே ஆவணம். பிஎஃப் பிடித்தம் இருந்தால் அந்தப் பாஸ்புக்கும் உதவும். உங்கள் கடன் வரலாற்றையும் அதற்கான ஸ்கோரையும் காட்டும் சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும். ஏஜென்டிடம் பான் நகலைக் கொடுக்கும் முன் நீங்களே எடுத்துப் பாருங்கள். அவர் ஒரே வாரத்தில் ஐந்து இடங்களில் விண்ணப்பம் போட்டால் ஐந்து விசாரணையும் பதிவாகி ஸ்கோர் இறங்கும்.

கைக்காசுக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். 30 லட்சம் வரையிலான கடனில் மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது உச்சவரம்புதான், உரிமை அல்ல. இங்கே தந்தது 80. மீதி 3 லட்சம் போதும் என்று நினைத்தார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பதிவுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 15 லட்சத்துக்கு 1,35,000. வீட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டினால் இந்தச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அடமானப் பதிவுச் செலவு வேறு. அட்வான்ஸ் கொடுக்கும்போது கிரய உடன்படிக்கையில், "கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். அது இல்லாததால்தான் பதிவு நாளில் எழுந்து வர இவர்களுக்குத் துணிவு வரவில்லை.

"மானியம் வாங்கித் தர்றேன், பத்தாயிரம் கொடுங்க" என்பவரை நம்பவே வேண்டாம். பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2.0-ல், வருட வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தக் கான்கிரீட் வீடு இல்லாதவர்களுக்கு, 35 லட்சத்துக்கு மிகாத வீட்டுக்கு, முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியம் உண்டு. உச்சம் 1,80,000, ஐந்து தவணையாக நேராகக் கடன் கணக்கில் வரும். யார் கையிலும் ரொக்கமாக வராது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் பாலிசித் தேதியைப் பாருங்கள். ஆவணம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் என்றால் காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதி ரத்து செய்யலாம். திரும்பும் பணத்தைக் கடன் அசலில் கழித்தார்களா என்று கணக்கு அறிக்கையில் சரிபாருங்கள். வட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பதையும் பாருங்கள். செக்கைக் கையில் கொடுக்கும் முன்பே, ஒப்பந்தத் தேதியிலிருந்து வட்டி போட்டிருந்தால் திருப்பிக் கேளுங்கள். 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே இதைத் தவறு என்று சொல்லியிருக்கிறது. ஒரு வருடம் தவணை தவறாமல் கட்டியபின் வங்கிக்கு மாற்ற முயலலாம். தனிநபரின் மிதவை வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி முடிக்க அபராதம் கிடையாது. முழுதும் கட்டியபின் 30 நாட்களுக்குள் மூலப்பத்திரம் திரும்ப வராவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் அவர்கள் தரவேண்டும்.

புகாரை முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிறகும் சரியாகாவிட்டால், வங்கி என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், வீட்டுக்கடன் நிறுவனம் என்றால் தேசிய வீட்டுவசதி வங்கியின் கிரிட்ஸ் தளம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. கேஎஃப்எஸ், கடன் ஒப்புதல் (சேங்ஷன்) கடிதம், பாலிசி, கணக்கு அறிக்கை, ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இந்த ஐந்தின் நகலையும் இணைத்து அனுப்புங்கள்.