வினாத்தாள் அச்சிட ஒரு லாடெக் கிளாஸ்: ஆப்ஷன்கள் பற்றி என் அனுபவம்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சிலருக்காக லாடெக் என்ற ஆவணம் அச்சுக்கோர்க்கும் மென்பொருளில் ஒரு டாக்குமென்ட் கிளாஸ் (ஆவணத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் கோப்பு) எழுதிக் கொடுத்து, பல வருஷமாகப் பராமரித்து வருகிறேன். ஒரே கோப்பிலிருந்து பிள்ளைகளுக்கு வினாத்தாளும் ஆசிரியருக்கு விடையோடு ஒரு பிரதியும் வர வேண்டும். அதற்கு 'விடை' என்று ஓர் ஆப்ஷன், அதாவது கிளாஸை அழைக்கும்போது கொடுக்கும் தெரிவு. எழுத்தளவு, தாளளவு எல்லாம் அடியில் இருக்கும், லாடெக்கோடு வரும் ஆர்ட்டிக்கிள் கிளாஸுக்குப் போய்விடும்.

1994இல் லாடெக் 2இ பதிப்பு வந்தபோதே கிடைத்த, ஆப்ஷனை அறிவிக்கும் டிக்ளேர்ஆப்ஷன், அதைச் செயல்படுத்தும் பிராசஸ்ஆப்ஷன்ஸ் என்ற கட்டளை ஜோடி இதற்குத் தாராளமாகப் போதும். நட்சத்திரம் (*) போட்ட டிக்ளேர்ஆப்ஷனுக்குள், ஆப்ஷனை வேறு கிளாஸுக்குக் கடத்தும் பாஸ்ஆப்ஷன்ஸ்டுகிளாஸை வைத்தால், நம் கிளாஸுக்குத் தெரியாதவை ஆர்ட்டிக்கிளிடம் சேரும். ஆர்ட்டிக்கிளை ஏற்றும் லோட்கிளாஸ் வரி இவற்றுக்குப் பிறகுதான் வர வேண்டும். இன்னொன்று: நட்சத்திரம் இல்லாத பிராசஸ்ஆப்ஷன்ஸ், பயனர் எழுதிய வரிசையைப் பார்க்காது, கிளாஸில் அறிவித்த வரிசையில்தான் ஆப்ஷன்களை ஓட்டும்.

'பெயர்=மதிப்பு' என்ற வடிவில் ஆப்ஷன் வந்ததும் இந்த முறை திணறும். பாடத்தின் பெயரை ஆப்ஷனாகவே கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டார்கள். பழைய முறை ஆப்ஷன் பட்டியலில் உள்ள இடைவெளிகளை எல்லாம் விழுங்கிவிடும். தலைப்பில் 'இணைந்தகணிதம்' என்று ஒட்டிக்கொண்டு வரும். 2022 ஜூன் பதிப்பில் லாடெக் கர்னலுக்குள்ளேயே (அதன் மையப் பகுதி) டிக்ளேர்கீஸ், பிராசஸ்கீஆப்ஷன்ஸ் கட்டளைகள் வந்த பிறகு இடைவெளி அப்படியே நிற்கிறது, வெளிப் பேக்கேஜ் (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்பு) எதுவும் தேவையில்லை. கிளாஸை இதற்கு மாற்றியது எனக்குப் பெரிய நிம்மதி.

பெயர் வைப்பதில் அவசரம் கூடாது. கிளாஸுக்குக் கொடுக்கும் ஆப்ஷன் குளோபல். பிறகு ஏற்றப்படும் பேக்கேஜ்களும் அதைப் பார்க்கும். பக்கத்தின் குறுக்கே 'மாதிரி' என்று மங்கலாக அச்சிட 'டிராஃப்ட்' என்று பெயர் வைத்தால், படங்களைச் சேர்க்கும் கிராஃபிக்ஸ்எக்ஸ் பேக்கேஜும் அதை எடுத்துக்கொண்டு வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பெட்டியைப் போட்டுவிடும். அதனால் எங்கள் ஆப்ஷன்களுக்கு எல்லாம் ஒரு முன்னொட்டு உண்டு.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இயல்பு நிலைதான், அதாவது ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது. பேக்கேஜுக்குத் தெரியாத ஆப்ஷன் கொடுத்தால் பிழை வரும்; கிளாஸுக்குக் கொடுத்தால் 'பயன்படாத குளோபல் ஆப்ஷன்' என்று ஓர் எச்சரிக்கை மட்டும் லாக் கோப்பில் விழும். இரவு பத்து மணிக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் லாக்கைத் திறந்து பார்க்க மாட்டார். விடை காட்டுவது இயல்பாகவும், மறைப்பது ஆப்ஷனாகவும் இருந்தால், ஓர் எழுத்து பிழைத்தாலும் காலையில் காலி வீதி போட்டோகொப்பிக் கடையில் விடையோடு கட்டுக்கட்டாக அடித்துவிடுவார்கள். மறைப்பதே இயல்பு என்று வைத்தால், எழுத்துப் பிழையால் ஆசிரியரின் பிரதியில்தான் விடை இருக்காது. அதை உடனே கவனித்து விடுவார். எங்கள் கிளாஸ் முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

புதிய முறையில் ஒரு சங்கடம் உண்டு. லாடெக்கை நிறுவித் தரும் டெக் லைவ் தொகுப்பின் பழைய பதிப்பு இருக்கும் கணினியில் டிக்ளேர்கீஸ் என்ற கட்டளையே கிடையாது. கிளாஸின் முதல் வரியான, தேவையான லாடெக் பதிப்பைக் கேட்கும் நீட்ஸ்டெக்ஃபார்மட்டில் 2022-06-01 என்று திகதியைச் சேர்த்து வைத்திருக்கிறேன். புரியாத பிழை வருவதற்கு முன்பே 'பதிப்பு பழையது' என்ற எச்சரிக்கை வந்துவிடும், ஆசிரியரும் போனில் அதை அப்படியே வாசித்துச் சொல்லிவிடுவார்.