துள்ளி விழுந்த கோல்டு ஃபிஷ்: கல் உப்பா, நீல மருந்தா?

தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழுந்த மீனை எடுத்துத் தண்ணீரில் விட்டாயிற்று. செவுள் மூடி அசைகிறது, உயிர் இருக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று விசாரித்தால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று மெத்திலின் ப்ளூ என்ற நீல மருந்து. சென்னை கொளத்தூரில் மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு அந்த நீல பாட்டில் தெரிந்திருக்கும். இன்னொன்று சமையலறைக் கல் உப்பு. எங்கள் வீட்டு ஒரண்டா (கோல்டு ஃபிஷ்ஷில் ஒரு வகை) விழுந்தபோது நான் உப்பைத்தான் எடுத்தேன். மீன் பிழைத்துக்கொண்டது. அதனால் இந்த அலசல் உப்புப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவான வேலைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். கையை நனைத்துவிட்டு மீனைத் தொட வேண்டும். ஒரு டப்பில் பழைய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். ஓரிரு நாள் தீனி வேண்டாம், கோல்டு ஃபிஷ் அதற்கெல்லாம் அசராது. உடம்பில் ஒட்டியிருக்கும் தூசி, தலைமுடி எதையும் தேய்த்து எடுக்காதீர்கள், வழவழப்பு கழன்று வரும்போது தானாக உதிர்ந்துவிடும்.

கோல்டு ஃபிஷ் ஒரு விநோதப் பிறவி. குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜனே இல்லாமல் போனாலும், உடம்பில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே தள்ளிக் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். ஆனால் நம் ஊர் மே மாதத் தரையில் அந்த வித்தை உதவாது. அங்கே பிரச்சினை காய்ந்துபோவது. தண்ணீரில் விரிந்து நிற்கும் செவுள் இழைகள் வெளியே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தரையில் உரசிய இடத்தில் வழவழப்பு போய்விடும்.

உப்பு உதவுவது இந்த இடத்தில்தான். நன்னீர் மீனின் உடம்புக்குள் இருக்கும் உப்பு வெளித் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். அதனால் தண்ணீர் எந்நேரமும் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும், சிறுநீரகம் அதை இறைத்து வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேல்தோல் உரிந்தால் கசிவு கூடும், உப்பும் வெளியேறும். வெளித் தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் இறைக்கிற வேலை குறைகிறது. லிட்டருக்கு 1 கிராமில் ஆரம்பித்து, மீன் நிதானமாக இருந்தால் அடுத்த நாள் 2 கிராம். 3 கிராம் வரை கோல்டு ஃபிஷ் தாங்கும், ஆனால் நான் 2-க்கு மேல் போகவில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும், கல்லை மீன்மேல் போடக் கூடாது. அயோடின் கலந்த கல் உப்பாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் அயோடின் அளவு மிகக் குறைவு.

மெத்திலின் ப்ளூவுக்கும் நியாயம் இருக்கிறது. உரிந்த இடத்தில் பூஞ்சை வராமல் தடுக்க அது நல்ல மருந்து. மீன் முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வளர்ப்பவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் விழுந்து காய்ந்த மீனுக்கு முதல் சில நாட்களில் எமன் பூஞ்சை இல்லை, டப்பில் சேரும் அமோனியா.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். 15 லிட்டர் டப் ஒரு கோல்டு ஃபிஷ்ஷுக்கு ரொம்பச் சின்ன இடம். அது செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றிக்கொண்டிருக்கும், தீனி போடாவிட்டாலும் அது நிற்காது. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மையோடும் இருந்தால் அதே அமோனியாவின் விஷம் இன்னும் கடுமை. சென்னைக் கோடையில், போர் தண்ணீரில் வளர்ப்பவர்களுக்கு இது புரியும். அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இருக்கிறது. உப்புத் தண்ணீர் என்றால் அந்த ஸ்பாஞ்சை அப்படியே டப்புக்கு மாற்றிவிடலாம், இந்த அளவு உப்பு பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. நீல மருந்து அந்த பாக்டீரியாவையும் கொன்றுவிடும். எனவே ஃபில்டர் இல்லாமல், தினமும் பாதித் தண்ணீரை மாற்றி, மாற்றிய அளவுக்கு மறுபடி மருந்து ஊற்றி ஓட்ட வேண்டும். பாட்டிலுக்குப் பாட்டில் அடர்த்தியும் வேறு.

இன்னொன்று, அமோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் என்ற விஷம் செவுளுக்குள் நுழைவதை உப்பில் இருக்கும் குளோரைடு தடுக்கிறது. அவசரத்தில் வைத்த டப்பில் நைட்ரைட் ஏறுவது சகஜம் என்பதால் இது சும்மா கிடைத்த காப்பு.

உப்பிலும் பராமரிப்பு உண்டு. உப்பு ஆவியாகாது. தண்ணீர் வற்றியதை நிரப்பும்போது வெறும் தண்ணீர் போதும். பாதியை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினால், ஊற்றுகிற 7.5 லிட்டருக்கு மட்டும், லிட்டருக்கு 2 கிராம் கணக்கில், 15 கிராம். இதைக் கவனிக்காமல் ஒவ்வொரு முறையும் முழு அளவு போட்டால் ஏறிக்கொண்டே போகும். புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரின் நீக்கும் மருந்தை மறக்காமல் சேருங்கள், செவுள் ஏற்கெனவே புண்ணாகியிருக்கிறது. செடி இருக்கும் தொட்டியில் இந்த வைத்தியம் வேண்டாம்.

நீலத்தில் எனக்குப் பிடிக்காத இன்னொரு சங்கதி, மீன் தெரியாது. உப்புத் தண்ணீரில் மறுநாளே பார்த்தேன்: வலப்பக்கம் ஒரு சாம்பல் நிறப் படலம் கழன்று, வால் அடிக்கும்போதெல்லாம் மெல்லிய ஜவ்வாக ஆடியது. அது பழைய வழவழப்பு, பூஞ்சை இல்லை. பூஞ்சை என்றால் ஒரே இடத்தில் பஞ்சு மாதிரிக் கொத்தாக நிற்கும். இந்த வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, எப்போது நீலம்? அந்தப் பஞ்சு கண்ணில் பட்டால், அப்போது. கண்ணில் ஆழமான காயம் என்றால் என் அனுபவம் போதாது, எங்கள் மீனுக்குக் கண் லேசாகப் பாலாடை படிந்து தெளிந்ததோடு சரி. கற்றாழைச் சாறு கலந்த ‘வழவழப்பு டானிக்’ பாட்டில்களையும் நான் பயன்படுத்தவில்லை, அதனால் அதைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல மாட்டேன்.

மீன் தீனிக்கு வந்து, முதுகுத் துடுப்பை நிமிர்த்தி நீந்தியதும் உப்பைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் குறைத்துக்கொண்டு வாருங்கள். தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் முன் அங்கே அமோனியா சோதனை ஒன்று செய்துவிடுங்கள். மோசமான தண்ணீரிலிருந்து தப்பிக்கவும் மீன் துள்ளும், முட்டையிடும் பருவத்தில் ஆண் மீன்கள் துரத்தினாலும் துள்ளும். எங்கள் வீட்டில் இரண்டாவதுதான் காரணம் என்று தெரிந்தபின், துரத்தியவனுக்குத் தனித் தொட்டி, இரண்டுக்கும் கொசுவலை மூடி.