முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு பிசியோதெரபி: பத்து வருடத்துக்கும் மேலான அனுபவம்

2014-ல் மொட்டை மாடியிலிருந்து விழுந்து என் முதுகெலும்பு உடைந்தது. டி12 மட்டத்தில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் கடைசி எலும்பின் இடத்தில், தண்டுவடம் முழுவதுமாகப் பாதிக்கப்பட்டது. இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, தொட்டாலும் தெரியாது. அன்றிலிருந்து ஏதாவது ஒரு வடிவத்தில் பிசியோதெரபி என்னோடு இருந்துகொண்டே இருக்கிறது. புதிதாக அடிபட்டவர்களின் வீட்டிலிருந்து யாராவது அவ்வப்போது போன் செய்வார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "பிசியோ பண்ணினா நடந்திடுவாங்களா?" அதற்கான பதிலை இந்த முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னைப் போல முழுப் பாதிப்பு உள்ளவர்களைப் பழையபடி நடக்க வைக்கும் சக்தி பிசியோவுக்கு இல்லை. சேதமான தண்டுவடத்தைப் பயிற்சி சரிசெய்யாது. கொஞ்சமாவது உணர்வோ அசைவோ மிச்சமிருப்பவர்களின் கதை வேறு. அவர்களில் பலருக்கு, குறிப்பாக முதல் ஒரு வருடத்துக்குள், கால்கள் நிறையவே தேறுகின்றன. எனக்கு அது நடக்கவில்லை. ஆனால் இன்று காலையில் நானே எழுகிறேன், நானே கழிப்பறைக்குப் போகிறேன், குளிக்கிறேன், உடுத்துகிறேன், வேலைக்குக் கிளம்புகிறேன். இதில் ஒன்றுகூட தானாக வந்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பிசியோதெரபிஸ்ட் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்றுக்கொடுத்தார். அதனால் பிசியோவை அளக்க என்னிடம் இருக்கும் கோல் ஒன்றுதான்: எந்தெந்த வேலைக்கு இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருந்தது, அதில் எதெல்லாம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது?

முதலில் ஆபரேஷன் செய்த மருத்துவமனையில் கம்பி வைத்து எலும்பை நன்றாகவே பொருத்தினார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வால் எலும்புக்கு மேலே படுக்கைப் புண் வந்தது. உணர்வில்லாத தோல் என்பதால் எனக்கு அது தெரியவே இல்லை. புடவை மாற்றும்போது அம்மாதான் பார்த்தார். புண் ஆறுகிற வரை உட்கார முடியாது, உட்காராமல் எந்தப் பயிற்சியும் தொடங்க முடியாது. இப்போது யார் போன் செய்தாலும் வேறு எதையும் விட முன்னால் நான் கேட்பது இதைத்தான்: "புரட்டிப் போடுறீங்களா? குதிகாலையும் இடுப்பையும் தினமும் பார்க்கிறீங்களா?"

அப்புறம் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்துக்குப் போனோம். 1966-ல் தொடங்கிய இடம் அது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கால்கள் செயலிழந்தவர். அதற்குப் பிறகும் வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பி வந்து இந்தத் துறையை நடத்தினார். உட்கார்ந்தபடி ஒரு முழு வாழ்க்கை உண்டு என்று அங்கே யாரும் எனக்குப் பிரசங்கம் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை. வீல்சேரில் வருகிறவர்களும் போகிறவர்களுமாக அந்த இடமே அப்படித்தான் இருந்தது.

உட்காரக் கற்பதுதான் அங்கே முதல் பாடம். படுத்தே கிடந்த உடம்பை நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கும், கண் இருட்டும். அதனால் சாய்வு மேசையில் கட்டி, கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பிறகு பாயில் கால் நீட்டி, கையை ஊன்றாமல் உட்கார வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். இடுப்புக்குக் கீழே தசை வேலை செய்யாதபோது உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்றே தெரியாது. பிசியோ மேடம் பந்தைத் தூக்கிப் போடுவார், நான் பிடிக்க வேண்டும். இதெல்லாம் எதற்கு என்று அப்போது புரியவில்லை. நேரத்துக்கு நேரம் கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீர் எடுக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தபோது புரிந்தது. பெண்களுக்கு அதற்கு இரண்டு கையும் வேண்டும், ஆரம்பத்தில் கண்ணாடியும் வேண்டும். ஒரு கையை ஊன்றியே ஆக வேண்டும் என்றால் அந்த வேலைக்கு வாழ்நாள் முழுக்க இன்னொருவர் தேவை. அந்தப் பந்து விளையாட்டுதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

அடுத்தது வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறுவது. எல்லோரும் டிரான்ஸ்ஃபர் என்றுதான் சொல்வார்கள். கைபலம் இருந்தால் போதும் என்று வெளியே நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது சூட்சுமம். வண்டியைக் கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக நிறுத்தி பிரேக் போட வேண்டும். வண்டியின் பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, இருக்கையின் முன் ஓரத்துக்கு நகர வேண்டும். பாதம் தரையில் நேராக இருக்க வேண்டும். பிறகு ஒரு கை கட்டிலில், ஒரு கை வண்டியில். தலையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம் இடுப்பு போகும். மூக்கை முட்டிக்கு நேராகக் கொண்டுவந்து, தலையைக் கட்டிலுக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பின்பக்கம் தானாக எழும்பும், தராசுத் தட்டு மாதிரி. இது பிடிபட்ட பிறகு பாதி பலம்தான் தேவைப்பட்டது. தூக்காமல் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால் தோல் கிழிந்து மறுபடி புண் வரும். அதனால் தொடக்கத்தில் பலகை வைத்துச் செய்தேன். வெளியூர்க் கட்டில் உயரம் சரியில்லை என்றால் இன்றைக்கும் பலகை எடுக்கிறேன்.

என் பக்கத்துக் கட்டிலில் கழுத்தில் சி6 மட்டத்தில் தண்டுவடம் அடிபட்ட ஒரு தம்பி இருந்தான். விரல்கள் அசையாது, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடியும். அவனுடைய அத்தை பாசத்தோடு தினமும் விரல்களை நன்றாக நீட்டி நீவிவிடுவார். பிசியோதெரபிஸ்ட் ஓடிவந்து நிறுத்தினார். அந்த மாதிரிப் பாதிப்பில் விரல் தசைநார் கொஞ்சம் இறுக்கமாகவே இருக்க வேண்டுமாம். அப்போதுதான் மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியில் ஸ்பூன் நிற்கும், டம்ளர் நிற்கும். நன்றாக நீட்டிவிட்டால் அதுவும் போய்விடும். யாருக்கு எதை இறுக்கமாக விட வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று தெரிந்தவர் கையில்தான் உடம்பைக் கொடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

காலிப்பர், அதாவது காலை மடங்காமல் பிடித்து நிறுத்தும் சட்டம் பற்றிக் கேட்பார்கள். இரண்டு காலுக்கும் தொடையிலிருந்து பாதம் வரை காலிப்பர் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி உள்ள பேரலல் பாரில் தொடங்கி வாக்கர் வரை வந்தேன். முதல் தடவை நின்றபோது அம்மா அழுதார், நானும் அழுதேன். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீண்டகாலப் பயன்பாடு என்று பார்த்தால், என் அளவுப் பாதிப்பில் அது நின்று பழகுவதற்கான பயிற்சிதான், ஊர் சுற்ற உதவாது. மாட்டவே நேரம் பிடிக்கும், சில அடி நடப்பதற்குள் வியர்த்துவிடும், உடம்பின் முழு எடையும் கையில்தான் இறங்கும். இப்போது வாரத்தில் சில நாள் நிற்பதற்கு மட்டும் போடுகிறேன். நின்ற நாளில் காலின் விறைப்பு எனக்குக் குறைவாக இருக்கிறது. வீல்சேரில் போனால் தோற்றுவிட்டோம் என்று நினைத்துக் காலிப்பரையே பிடித்துத் தொங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வீல்சேரில் போனால் கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

ஊருக்கு வந்த பிறகு அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கொஞ்ச காலம் போனேன். கரண்ட் வைப்பது, ஒத்தடம், எண்ணெய் போட்டு நீவுவது. படுத்துக்கொண்டு வாங்கிக்கொள்கிற சிகிச்சை. அதில் என் தினசரி வேலை எதுவும் சுலபமாகவில்லை. உணர்வில்லாத காலில் சூடான ஒத்தடம் வைப்பது ஆபத்தும்கூட. கொப்புளம் வந்தாலும் நமக்குத் தெரியாது. மூட்டு இறுகாமல் இருக்கப் பிறர் காலை இழுத்துவிடுவதையும் சொல்ல வேண்டும். நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு அதனால் பெரிய பலன் தெரியவில்லை என்று 2017-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அதாவது பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அறிக்கை, சொன்னது. என் பிசியோதெரபிஸ்ட் அதை எடுத்துக்காட்டி, இழுக்கும் நேரத்தைக் குறைத்து, மீதியை வேலைப் பயிற்சிக்கு மாற்றினார். உள்ளாடை போடுவது, கீழே விழுந்த சாவியை எடுப்பது, வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கி வாசல்படியைத் தாண்டுவது. இந்த மாற்றத்துக்குப் பிறகுதான் ஒவ்வொரு மாதமும் புதிதாக ஏதாவது கைவந்தது. காசு கொடுத்து பிசியோ வைக்கிறவர்கள், ஒரு மணி நேரத்தில் நோயாளி எவ்வளவு நேரம் தானே எதையாவது செய்கிறார் என்று பாருங்கள்.

இனி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத பகுதி. ஆறேழு வருடம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வலது தோள் வலிக்கத் தொடங்கியது. முதலில் மேல் அலமாரியில் எதையாவது எடுக்கும்போது மட்டும் வலித்தது, பிறகு இரவில் அந்தப் பக்கம் படுத்தாலே வலித்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. இடுப்பு மூட்டு எடை தாங்குவதற்கென்றே ஆழமான குழியில் அமைந்தது. தோள் மூட்டின் குழியோ ஆழமில்லாதது, கையை எல்லாப் பக்கமும் வீசுவதற்கானது. அதன் மேல் என் முழு எடையையும் நாள் முழுக்க ஏற்றி இறக்கினேன். எனக்குத் தோள் போனால் நடையும் போன மாதிரி, கட்டிலிலிருந்து எழுவதும் போன மாதிரி. பயந்துபோனேன்.

அந்த வலிக்கு மாத்திரையும் ஓய்வும் தற்காலிகமாகத்தான் உதவின. பிசியோதெரபிஸ்ட் என் முழு நாளையும் கூடவே இருந்து பார்த்தார், பிறகு ஒவ்வொன்றாக மாற்றினார். நான் சக்கரத்தைச் சின்னச் சின்னதாக வேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். நீளமாக, நிதானமாகத் தள்ளி, கையைச் சக்கரத்துக்குக் கீழே தொங்கவிட்டுத் திரும்பக் கொண்டுவரப் பழக்கினார். பின்சக்கரத்தின் அச்சைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தச் சொன்னார். வண்டி கவிழாத அளவுக்குத்தான், ஆனால் தள்ளுவது சட்டென்று லேசாகிவிட்டது. டயரில் காற்று குறையவே கூடாது. கட்டில் உயரத்தை வண்டியின் உயரத்துக்குச் சமமாக்கினோம், மேட்டில் ஏறுகிற டிரான்ஸ்ஃபர்தான் தோளைத் தின்கிறது. ஒரே பக்கமாக மாறாமல் முடிந்தபோதெல்லாம் பக்கம் மாற்றிச் செய்கிறேன். உட்காரும் இடத்தில் அழுத்தம் குறைக்க முன்பு இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவேன். இப்போது அரைமணிக்கு ஒருமுறையாவது முன்னால் குனிந்து மார்பைத் தொடையில் வைத்து இரண்டு நிமிடம் இருக்கிறேன். தூக்கிப் பிடித்தால் சில நொடிதான் தாங்கும், தோலுக்கு ரத்தம் திரும்ப அது போதாது. குனிந்தால் தோளுக்கும் வேலையில்லை, புண்ணும் வராது.

பயிற்சியும் மாறியது. முன்பெல்லாம் தள்ளும் தசைகளுக்கே பயிற்சி. தள்ளித் தள்ளி முன்பக்கம் இறுகி, தோள் முன்னால் வளைந்திருந்தது. இப்போது ரப்பர் பேண்டைக் கட்டி பின்னால் இழுப்பது, தோள்பட்டை எலும்புகளை நெருக்குவது, மார்பின் முன்பக்கத்தைத் தளர்த்துவது. வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் தூங்க முடிகிறது. இந்தத் தோள் பாடத்தை வீல்சேரில் உட்காரும் முதல் மாதமே எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வண்டியும் முக்கியம். ஆளுக்கு அளவெடுக்காத, கனமான மடக்கு வண்டியைக் கொடுத்துவிட்டுத் தோளுக்குப் பயிற்சி சொல்வதில் அர்த்தமில்லை.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பிசியோ கற்றுத்தர வேண்டும். என்னைத் தூக்கித் தூக்கி அம்மாவுக்கு இடுப்பு வலி வந்தது. முட்டியை மடக்கி, என் முட்டிகளைத் தன் முட்டியால் அணைத்துக்கொண்டு தூக்குவது எப்படி என்று ஒரே மதியத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கதவு அகலத்தையும் பாருங்கள். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு இரண்டடி, வண்டி அதைவிட ஓரங்குலம் அகலம். எவ்வளவு பயிற்சி செய்திருந்தாலும் அந்த ஓரங்குலம் என்னை வெளியே நிறுத்திவிடும். இடித்து அகலப்படுத்தினோம். வாசலில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளத்தில் சாய்தளம் போட்டோம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தனியாக ஏறுவது கஷ்டம்.

செலவு விஷயம். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுக்கு எங்கள் பக்கம் ஒரு முறைக்கு 400, 500 ரூபாய் ஆகிறது. தினமும் வைத்துக்கொள்ள எங்களால் முடியாது, தேவையும் இல்லை. மாதம் ஒருமுறை வந்து பார்த்து, பயிற்சியை மாற்றிக் கொடுத்தால் போதும், மீதி நம் கையில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ கொடுக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்து வையுங்கள். தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மூலம் இணைப்புச் சக்கர ஸ்கூட்டருக்கும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஸ்கூட்டர் வந்த பிறகு அதன் இருக்கைக்கு மாறவே தனியாகப் பயிற்சி எடுத்தேன், வீல்சேரைவிட அது உயரம்.

இப்போது நானும் பிசியோதெரபிஸ்டும் எடுத்திருக்கும் வேலை, தரையிலிருந்து வீல்சேருக்குத் தனியாக ஏறுவது. நடுவில் ஒரு குட்டை முக்காலி வைத்து இரண்டு படியாக ஏறுகிறேன். முக்காலி வரை வந்துவிட்டது. அதற்கு மேலே இன்னும் என் தம்பி கைகொடுக்க வேண்டியிருக்கிறது.