மனப்பாடமா, குறிப்புச் சீட்டா?

நேரு யுவ கேந்திராவுடன் (மத்திய அரசின் இளையோர் அமைப்பு; இப்போது ‘மை பாரத்’) இணைந்த இளையோர் மன்றங்களில் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி அளிப்போர், உரை முழுவதையும் மனப்பாடம் செய்விப்பதா, குறிப்புகளைக் கொண்டு பேசப் பழக்குவதா என்று தயங்குவதுண்டு.

நேரம்: மனப்பாட உரையை மணியடிக்கும் முன் முடியுமாறு அளந்து வைக்கலாம்; குறிப்புப் பேச்சோ, கடிகாரத்துடன் பலமுறை பேசிப் பார்த்தால்தான் அடங்கும்.

தடுமாற்றம்: மனப்பாடத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரியும் கிடைக்காமல் பிள்ளைகள் மேடையிலேயே நின்றுவிடுவர், குறிப்பை நம்பியவர் அடுத்த கருத்துக்குத் தாவிவிடுவதால், விட்டுப்போனது நடுவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை.

செலவு: இரண்டுக்கும் இல்லை.

தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட போட்டியில் முதன்முறை மேடையேறுவோருக்கு மனப்பாடம் பொருந்தும். அவர்களுக்கும் தொடக்கமும் முடிவும் மனப்பாடமானால் போதும் என்பேன். தலைப்பை அங்கேயே தரும் போட்டிக்குக் குறிப்புப் பயிற்சியே உதவும்.