பிளாஸ்டிக்கா, பித்தளையா, த்ரீடி பிரிண்டா? மாடல் வேகனை அசலுக்கு நெருக்கமாக்கும் மூன்று வழிகள்

மாடல் ரயிலில் 4 மி.மீ. ஸ்கேல் என்றால் அசலின் ஓர் அடிக்கு மாடலில் 4 மி.மீ. என்று பொருள். அதில் 1 மி.மீ. என்றால் அசலில் 3 அங்குலம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து எடுத்த நிலக்கரி வேகனின் மேல் விளிம்பைப் பாருங்கள். பிளாஸ்டிக் வார்ப்பின் சுவர் 1 மி.மீ. அளவுக்குத் தடித்திருக்கும். அசல் வேகன் எஃகுத் தகட்டால் ஆனது. அந்தத் தகடு கால் அங்குலம் என்று வைத்துக்கொண்டாலும் மாடலில் 0.08 மி.மீ.தான் வர வேண்டும். என்னதான் நன்றாக வண்ணம் பூசினாலும், வேகன் எண்ணை எவ்வளவு நேர்த்தியாக ஒட்டினாலும், அந்த விளிம்பு ஒன்றே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சரிசெய்ய இன்று நம் கையில் முக்கியமாக மூன்று வழிகள் இருக்கின்றன: பிளாஸ்டிக்கையே வெட்டி ஒட்டுவது, எட்ச்சிங் செய்த (ரசாயனத்தால் அரித்து வடிவமெடுத்த) பித்தளைத் தகடு, ரெசின் த்ரீடி பிரிண்ட். எது சிறந்தது என்ற கேள்விக்கு, எந்தப் பிழையைத் திருத்தப் போகிறோம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் ரயில்வேயில் லட்சக்கணக்கில் ஓடிய 16 டன் நிலக்கரி வேகனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எளிய உருவம்தான், ஆனால் மூன்று வழிகளின் பலமும் பலவீனமும் இதில் நன்றாகத் தெரியும்.

முதலில் ஃபோட்டோ

பொதுவான "16 டன் வேகன்" என்று ஒன்று கிடையாது. குறிப்பிட்ட எண் கொண்ட ஒரு வேகன், குறிப்பிட்ட ஒரு வருடத்தில் இருந்த கோலம், அதுதான் உண்டு. சிலவற்றின் உடல் வெல்டிங் செய்தது, சிலவற்றில் ரிவெட். சிலவற்றில் பக்கக் கதவுக்கு மேலே தனியாக ஒரு மடக்குக் கதவு இருக்கும், சிலவற்றில் இருக்காது. வேக்குவம் பிரேக் பொருத்தியவை பொதுவாகச் செம்பழுப்பு, பொருத்தாதவை சாம்பல். ஒரு ஃபோட்டோவைத் தேர்ந்தெடுத்து மாடலை அதன் பக்கத்தில் வைத்தால்தான் வேலை எங்கே இருக்கிறது என்று புரியும்.

நான் அப்போது பிழைகளை மூன்று வகையாகப் பிரித்து எழுதிக்கொள்வேன்: நீளத்தில் பிழை, தடிமனில் பிழை, உருவத்தில் பிழை. இப்படிப் பிரித்த பிறகு எந்த வழி என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். நீளத்தைப் பிளாஸ்டிக்கிலும், தடிமனைப் பித்தளையிலும், உருவத்தைப் பிரிண்டிலும் திருத்துவதுதான் என் வழக்கம். விதிவிலக்குகள் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

பிளாஸ்டிக்கை வெட்டி ஒட்டுவது

அசல் 16 டன் வேகனின் அடிச்சட்டம் 16 அடி 6 அங்குல நீளம், இரண்டு அச்சுகளுக்கு இடையே 9 அடி. மாடலில் அது 66 மி.மீ., 36 மி.மீ. ஆனால் பழைய மாடல்கள் பலவற்றில் ஒரே அடிச்சட்டத்தை எல்லா வேகனுக்கும் போட்டுவிடுவார்கள். அந்தப் பொதுச் சட்டம் பெரும்பாலும் 17 அடி 6 அங்குல நீளம், 10 அடி அச்சு இடைவெளி கொண்ட வேறு வகை வேகனுடையது. இதில் ஒரு நல்ல சங்கதி ஒளிந்திருக்கிறது. இரண்டு அளவுகளுமே சரியாக ஓர் அடிதான் கூடுதல். நடுவில் 4 மி.மீ. எடுத்துவிட்டால் நீளம், அச்சு இடைவெளி இரண்டும் ஒரே வெட்டில் சரியாகிவிடும்.

வெட்டுவதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ரம்பம் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் கால் மி.மீ. அளவுக்குத் தன் வழியில் தின்றுவிடும். இரண்டு வெட்டு போட்டால் அரை மி.மீ. போச்சு, அதாவது அசலில் ஒன்றரை அங்குலம். அதனால் கோட்டின் மேல் ரம்பத்தை வைக்கக் கூடாது. எறியப் போகும் துண்டின் பக்கமாக வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்த்துக் கோட்டுக்கு வர வேண்டும். வேகனின் உடலும் இழுத்து நீட்டப்பட்டிருந்தால், பக்கக் கதவைத் தொடாமல் அதன் இரு பக்கமும் 2 மி.மீ. எடுக்கலாம். கதவின் ஓரச்சட்டத்தை ஒட்டி வெட்டினால் இணைப்பு அதன் நிழலிலேயே மறைந்துவிடும்.

பிளாஸ்டிக்கின் பெரிய பலம் இந்த இணைப்புதான். ஒட்டுவதற்குப் பூசும் கரைப்பான் இரண்டு ஸ்டைரீன் (மாடல் வார்க்கும் பிளாஸ்டிக்) துண்டுகளையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது. காய்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகு விரலால் தடவினால் எங்கே வெட்டினோம் என்றே தெரியாது. பித்தளையோ பிரிண்டோ இதைத் தராது. அசெட்டல், நைலான் போன்ற பிளாஸ்டிக்குகளில் மட்டும் இந்தக் கரைப்பான் வேலை செய்யாது. பஃபர் (வேகன் முனையில் மோதலைத் தாங்கும் பாகம்), பிரேக் போன்ற சின்னப் பாகங்களை இவற்றில் வார்த்திருப்பார்கள், ஆகவே முதலில் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அதே கரைப்பான் எனக்கு ஒரு பாடமும் நடத்தியது. ஒரு பெட்டியின் பக்கச் சுவரை இரண்டு 0.5 மி.மீ. ஸ்டைரீன் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிச் செய்தேன். அன்றைக்கு அளவுகோல் போல நேராக இருந்தது. மூன்று வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் வாழைப்பழம் போல உள்பக்கம் வளைந்திருந்தது. நடுவில் சிக்கிய கரைப்பான் வெளியேற வழியில்லாமல் மெல்ல மெல்லத் தாளை இளக்கி வளைத்துவிட்டது. இப்போது உள்பக்கத் தாளில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டுவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

அப்புறம் அந்தத் தடித்த விளிம்பு. சுவரை முழுக்க மெலிதாக்க வேண்டியதில்லை. மேல் விளிம்பை மட்டும் உள்பக்கமிருந்து சாய்வாகச் சீவினால் போதும். கண்ணுக்கு விளிம்புதான் தெரியும், சாய்வு தெரியாது. கூர்மையான பிளேடை இழுத்து இழுத்து, சுருள் சுருளாகச் சீவ வேண்டும். பத்து நிமிட வேலை. பித்தளைக்குப் போகலாமா என்று யோசிக்கும் முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.

பித்தளை

கைப்பிடிக் கம்பியை எடுத்துக்கொள்வோம். 1 அங்குல விட்டமுள்ள கம்பி மாடலில் 0.33 மி.மீ. வார்ப்பில் அது சுவரோடு ஒட்டிய ஒரு வரப்பாகத்தான் வரும், பின்னால் வெளிச்சம் தெரியாது. அந்த வரப்பைச் சீவி எடுத்துவிட்டு, 0.35 மி.மீ. துளைபோட்டு, 0.33 பித்தளைக் கம்பியை வளைத்துச் செருகினால் அதற்குக் கீழே மெல்லிய நிழல் விழும். அந்த நிழலைப் பார்த்த பிறகு வார்ப்புக் கம்பியைப் பார்க்கவே மனம் வராது. செருகும்போது சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு துண்டு அட்டையை வைத்துக்கொண்டால் எல்லாக் கம்பிகளும் ஒரே இடைவெளியில் நிற்கும்.

தகட்டுப் பாகங்களில் பித்தளைக்குப் போட்டியே கிடையாது: பிரேக் கைப்பிடி, அதைத் தாங்கும் வழிகாட்டி, படிக்கட்டு, அச்சைப் பிடித்திருக்கும் தகடுகள். பாதி ஆழம் அரித்த மடிப்புக்கோட்டை உள்பக்கம் வைத்து மடித்தால் மூலை கச்சிதமாக வரும், அதில் ஒரு பொட்டு சால்டர் உருக்கி ஓடவிட்டால் அசையாது. தண்டவாள இடைவெளியை மாற்ற நினைப்பவர்களுக்கும் இதுதான் வழி. வழக்கமான 16.5 மி.மீ. இடைவெளி 4 மி.மீ. ஸ்கேலில் 4 அடி ஒன்றரை அங்குலம்தான் ஆகிறது. அசல் 4 அடி 8½ அங்குலத்துக்கு 18.83 மி.மீ. வேண்டும். அந்த அகலத்துக்குப் போகும்போது பிரேக் கட்டைகளும் சக்கரத்துக்கு நேராக நகர வேண்டும். பித்தளைச் சட்டத்தில் அது எளிது.

எடையும் பித்தளைக்குச் சாதகம். ஓர் அச்சுக்கு 25 கிராம் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு, இரண்டு அச்சு வேகனுக்கு 50 கிராம். மூடிய வேகனில் ஈயத்தை உள்ளே போட்டுவிடலாம். காலி நிலக்கரி வேகனில் எங்கே ஒளிப்பது? அடிச்சட்டமே உலோகமாக இருந்தால் கவலை குறையும். (ஈயக் குண்டுகளை வெள்ளை மரப்பசையில் ஒட்டாதீர்கள். வருடங்கள் போனபின் ஈயம் பூத்து, உப்பி, சுவரையே பிளந்துவிடும். எப்பாக்ஸி போதும்.)

பயணிகள் பெட்டியில் பித்தளையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. ஜன்னல் கண்ணாடி சுவருக்குப் பின்னால் 1 மி.மீ. உள்ளே போயிருந்தால் அசலில் 3 அங்குலப் பள்ளம். 0.25 மி.மீ. பித்தளைப் பக்கச் சுவரை ஒட்டி, கண்ணாடியை அதன் பின்னால் ஒட்டிவைத்தால் பெட்டியின் முகமே மாறிவிடும். ஜன்னல் வரிசை மாறிய வேறொரு வகைப் பெட்டியாக்குவதற்கும் பக்கங்களை மட்டும் மாற்றினால் போதும். கூரை, முனைகள், அடிச்சட்டம் எல்லாம் பழையதே.

ஆனால் தட்டையான தகட்டிலிருந்து உருண்டை வராது. ஆக்சில் பாக்ஸ் (அச்சுமுனையைத் தாங்கும் பெட்டி), ஸ்பிரிங், பஃபரின் அடிப்பாகம் இவற்றைப் பித்தளையில் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தால் அடுக்காகவேதான் தெரியும். சால்டரிங் பழகவும் நாளாகும். பெயின்ட் பிடிக்க எண்ணெய்ப்பசை போகக் கழுவி, உலோகத்தைக் கவ்வும் எட்ச் ப்ரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கைப்பிடி இடத்தில் முதலில் உரியும்.

ரெசின் பிரிண்ட்

பித்தளை கைவிடும் இடத்தில்தான் பிரிண்ட் தொடங்குகிறது. 0.05 மி.மீ. அடுக்கில் அச்சிட்டால் ஓர் அடுக்கு அசலில் 4 மி.மீ. கூட வராது. ஸ்பிரிங்கின் ஒவ்வொரு இலையும் தனியாகத் தெரியும். கடையில் கிடைக்காத ஒரு வகை ஆக்சில் பாக்ஸ் எட்டு வேகனுக்குத் தேவை என்றால், ஒருமுறை வரைந்துவிட்டு முப்பத்திரண்டை அச்சிட்டுக்கொள்ளலாம். முன்பு இந்த இடத்தில் வெள்ளை உலோக வார்ப்பு இருந்தது. எடைக்கு இன்றும் நல்லது, நுணுக்கத்தில் பிரிண்ட் முந்திவிட்டது.

முழு வேகனையும் பிரிண்டில் எடுப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. சுவரை மெலிதாக வரைந்தால் வளைகிறது, தடிமனாக வரைந்தால் பழைய பிளாஸ்டிக் விளிம்புக்கே திரும்பிவிட்டோம். கூரை வளைவில் அடுக்குக் கோடுகள் படிபடியாகத் தெரியும், சாம்பல் ப்ரைமர் அடித்தவுடன் அது இன்னும் எடுத்துக்காட்டும். பிரேக் கைப்பிடியை ரெசினில் விட்டுவைத்தால், வேகனைத் தண்டவாளத்தில் வைக்கும்போது ஒருநாள் விரல் பட்டு முறியும். ஸ்டைரீனுக்கான கரைப்பானும் இதில் ஒட்டாது, சூப்பர் க்ளூவோ எப்பாக்ஸியோதான்.

ஃபைலைப் பெரிதாக்கிச் சிறிதாக்கலாமே என்பார்கள். 1:76-க்கு, அதாவது நம் 4 மி.மீ. ஸ்கேலுக்கு, வரைந்ததை அதைவிடச் சிறிய 1:87-க்குச் சுருக்கினால் எல்லாமே எட்டில் ஒரு பங்கு குறையும், சுவரும் கம்பியும் சேர்த்து. வெளித்தோற்றம் சரியாக இருக்கும், ஆனால் 0.35 மி.மீ. கம்பி 0.31 ஆகிவிடும், அச்சுமுனை உட்காரும் குழியும் சுருங்கிவிடும். அந்த இடங்களைத் திரும்ப வரைந்தே ஆக வேண்டும்.

ஒரே வேகனில் மூன்றும்

இப்போது என் மேசையில் இருக்கும் வேகனில் உடல் பழைய பிளாஸ்டிக், நடுவில் குறைத்து விளிம்பு சீவியது. அச்சுத் தகடும் பிரேக் அமைப்பும் பித்தளை. ஆக்சில் பாக்ஸும் பஃபர் அடிப்பாகமும் பிரிண்ட். மூன்று பொருளும் மூன்று மினுமினுப்பில் இருக்கும், ஒரே ப்ரைமர் மேலே விழுந்ததும் ஒரே வண்டியாகிவிடும். பித்தளைப் பகுதிக்கு மட்டும் எட்ச் ப்ரைமரை முன்பே அடித்துவிடுவேன்.

எழுத்துகளுக்கு, தண்ணீரில் ஊறவைத்து நழுவவிடும் டிகாலையே எடுப்பேன். தேய்த்து ஒட்டும் வகையில் எழுத்தின் ஓரத்தில் படலம் தெரியாது, உண்மைதான். ஆனால் வேகன் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சேர்க்கும்போது, ஒட்டிய பிறகு ஒரு நூல் நகர்த்த வேண்டும் என்றால் அது இடம் தராது. டிகாலுக்குக் கீழே முதலில் பளபளப்பு வார்னிஷ் அவசியம். மங்கலான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மினுங்கும். கடைசியாக மேலே மங்கல் வார்னிஷ்.

வெள்ளைச் சாய்கோட்டை ஒட்டும் முன் ஃபோட்டோவை இன்னொரு தடவை பார்ப்பேன். நிலக்கரியைக் கொட்டத் திறக்கும் முனைக்கதவு எந்தப் பக்கம் என்று காட்டுவதற்குத்தான் அந்தக் கோடு. வேகனின் இரண்டு பக்கங்களிலும் அது அதே முனையைத்தான் காட்ட வேண்டும், அதனால் ஒரு பக்கம் வலமாகச் சாய்ந்தால் மறுபக்கம் இடமாகச் சாயும்.