கேமிங் லேப்டாப்பா, அசெம்பிள்ட் பிசியா? ரிப்பேர் வரும் நாளை நினைத்து வாங்குங்கள்

ஒரு லட்ச ரூபாயைச் சுற்றி பட்ஜெட் வைத்துக்கொண்டு, கேம் ஆட ஒரு மெஷின் தேடுகிறவர்கள் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. தம்பி ஹாஸ்டலில் படித்ததால் கேமிங் லேப்டாப் எடுத்தான். நான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி டெஸ்க்டாப் போட்டேன். என் ஓட்டு டெஸ்க்டாப்புக்குத்தான். அதற்குக் காரணம் வேகம் கூட இல்லை, கோளாறு வரும்போது என்ன ஆகிறது என்பதுதான்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஹாஸ்டல், மேன்ஷன், அடிக்கடி வீடு மாறுகிற வேலை என்றால் லேப்டாப்தான், அதில் பேச்சே இல்லை. கரண்ட் போனாலும் சேவ் பண்ணிவிட்டு எழுந்திருக்க நேரம் இருக்கும். டெஸ்க்டாப்புக்கு மானிட்டர், கீபோர்டு, மவுஸ், யூபிஎஸ் எல்லாம் தனிச் செலவு. 20,000 ரூபாயாவது அதற்கென்று எடுத்து வைக்க வேண்டும். 2025 கடைசியில் ரேம் விலை எகிறிய பிறகு, "அசெம்பிள் பண்ணினால் எப்போதும் மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது.

வேகத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு. ஆர்டிஎக்ஸ் 4070 என்கிற கிராஃபிக்ஸ் கார்டையே (கேமின் படங்களைத் தயாரிக்கும் பாகம்) பாருங்கள். டெஸ்க்டாப் 4070இல் 12 ஜிபி மெமரி, லேப்டாப் 4070இல் 8 ஜிபி. அடுத்து வந்த 5070இலும் இதே வித்தியாசம்தான். லேப்டாப் 4060ஐ எடுத்துக்கொண்டால், அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு கொடுப்பது என்பதை லேப்டாப் தயாரிப்பவர்தான் முடிவு செய்கிறார். ஆகவே ஒரே பெயர் ஒட்டிய இரண்டு லேப்டாப்புகள் ஒரே கேமில் வேறு வேறு மாதிரி ஓடும். கடையில் "கார்டு எத்தனை வாட்?" என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இனி ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி சூடும் தூசியும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறை சாதாரணமாக 35 டிகிரியைத் தாண்டும். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, உள்ளே இருக்கும் சிப்பும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கேம் ஆரம்பத்தில் வழுக்கிக்கொண்டு ஓடி, கொஞ்ச நேரத்தில் திக்கித் திணற ஆரம்பித்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கேமைத் திட்டி, டிரைவரை மாற்றி, விண்டோஸைப் புதிதாகப் போட்டு எல்லாம் செய்தும் சரியாகாது.

லேப்டாப்பில் தூசி சேர்கிற இடம், ஃபேனுக்கும் ஹீட்சிங்கின் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) மெல்லிய தகடுகளுக்கும் நடுவே. அங்கே தூசி ஒரு துணிப்பட்டை மாதிரி படிந்து காற்றை அடைத்துவிடும். அதை எடுக்க அடிமூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, கிளிப்புகள் உடையாமல் பிரித்து, முதலில் பேட்டரி கனெக்டரைப் பிடுங்க வேண்டும். சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பேஸ்ட்டை மாற்றுவதென்றால் பிராசஸரையும் கிராஃபிக்ஸ் சிப்பையும் சேர்த்து மூடியிருக்கும் ஹீட் பைப்பை மொத்தமாகத் தூக்க வேண்டும். கை பழகியவர்கள் செய்துவிடுவார்கள். மற்றவர்கள் கடைக்குத்தான் போக வேண்டும்.

டெஸ்க்டாப்பில் இரண்டு ஸ்க்ரூ, பக்கத்து மூடி கையோடு வந்துவிடும். பால்கனிக்குத் தூக்கிப் போய், ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தால் போதும். விரலால் பிடிப்பது முக்கியம். காற்று வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெட்டுவிடும்.

இதைவிடப் பெரிய வித்தியாசம் "டிஸ்ப்ளே வரல" என்கிற நாளில் தெரியும். ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பு. டெஸ்க்டாப்பில் அப்போது செய்ய நிறைய இருக்கிறது. மானிட்டர் ஒயர் மதர்போர்டில் (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மை போர்டு) சொருகியிருக்கிறதா, கிராஃபிக்ஸ் கார்டிலா என்று பார்க்கலாம். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திச் சொருகலாம். நம் ஊர் ஈரக் காற்றில் பல கேஸ்கள் இதிலேயே எழுந்துவிடும். அப்படியும் வராவிட்டால் ஒரே ஒரு ரேமை மட்டும் விட்டுப் பார்க்கலாம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்கிற நாணய வடிவப் பேட்டரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போடலாம், கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு டிஸ்ப்ளேயில் ஓடுகிறதா என்று பார்க்கலாம் (பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால்), நண்பரிடம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) கடன் வாங்கி மாட்டிப் பார்க்கலாம். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தால் குற்றவாளி தனியாக மாட்டிக்கொள்ளும். போனது அந்த ஒரு பாகம் மட்டும்தான் என்று அப்போது நிம்மதி வரும்.

லேப்டாப்பில் இதே அறிகுறி வந்தால்? கிராஃபிக்ஸ் சிப், பிராசஸர் எல்லாம் போர்டோடு சேர்த்து சால்டர் செய்தவை. தம்பியின் லேப்டாப் வாரண்டி முடிந்த பிறகு இப்படி இருண்டது. சர்வீஸ் சென்டரில் போர்டையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை புது லேப்டாப் விலையில் பாதியைத் தொட்டது. பிறகு சிப் லெவல் சர்வீஸ் பார்க்கும் ஒரு அண்ணன் மீட்டரை வைத்துத் தேடி, ஷார்ட் ஆகியிருந்த ஒரு கெப்பாசிட்டரைக் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். அந்தத் திறமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அப்படி ஒரு ஆள் எல்லா ஊரிலும் கிடைப்பாரா, எல்லா போர்டும் அப்படி எழுந்துவிடுமா என்றால், அதை நம்பிப் பணம் போட முடியாது. நான் உள்ளே பார்த்த லேப்டாப்புகள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கூலிங் உள்ள விலை உயர்ந்த மாடல்கள் இதைவிட நன்றாகத் தாங்கலாம்.

வாரண்டியும் டெஸ்க்டாப்புக்கே சாதகம். கேமிங் லேப்டாப்புக்குப் பொதுவாக ஒரு வருடம். தனிப் பாகங்களில் பிராசஸருக்கும் கார்டுக்கும் பெரும்பாலும் 3 வருடம், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 5 வருடமோ அதற்கு மேலோ. பிராசஸரில் கிராஃபிக்ஸ் இருந்தால், கார்டை வாரண்டிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் நாட்களிலும் பழைய கேம்களை ஆடிக்கொண்டிருக்கலாம். பில்களை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள், அந்த எழுத்து சீக்கிரம் மங்கிவிடும்.

பாகம் மாற்றுவதன் பலனுக்கு ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட்டே (போர்டில் பிராசஸரை மாட்டும் இடம்) சாட்சி. 2017இல் அந்த நிறுவனத்தின் முதல் ரைசன் பிராசஸரோடு வாங்கிய பல போர்டுகளில், பயாஸை (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்துவிட்டு, 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசஸரை மாட்ட முடிந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. முதல் தலைமுறை ரைசன் விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. அந்த போர்டை வைத்திருந்தவர்கள் பிராசஸரை மட்டும் மாற்றிவிட்டுத் தொடர்ந்தார்கள். அதே காலத்து லேப்டாப்பில் அந்த வழி கிடையாது.

டெஸ்க்டாப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கேபினெட்டோடு சேர்த்துத் தரும் பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டாம். கார்டில் ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, பவர் சப்ளையில் இறங்காதீர்கள். கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆடுகிற சுகத்தையும் சொல்ல வேண்டும். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு, பெரிய மானிட்டரில், ஃபேன் சத்தம் காதில் விழாமல் ஒரு கேமுக்குள் மூழ்குவது தனி இன்பம். லேப்டாப் ஃபேன் முழு வேகத்தில் இரைந்தால் அடுத்த அறையில் அம்மாவுக்குக் கேட்கும். நம் கையால் பூட்டிய மெஷின் என்கிற பாசமும் அதில் சேர்ந்துகொள்கிறது.

லேப்டாப்தான் சரிப்படும் என்பவர்கள் நீட்டித்த வாரண்டியை வாங்கும்போதே சேர்த்து எடுங்கள். மெத்தை மேல் வைத்து ஆடாதீர்கள், பின்பக்கத்தை ஒரு விரற்கடை உயர்த்தி வையுங்கள். எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் என்றால் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிடுங்கள். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, சால்டர் செய்ததா என்பதைக் கடையிலேயே கேட்டுவிடுங்கள்.